காந்த பேலட்டுக்குள் கண் வண்ணங்கள்: வாசகிகள் கேட்கிறார்கள்

(தஞ்சாவூர்ப் பக்கம் மணப்பெண் அலங்காரம் செய்துவரும் மேக்கப் ஆர்ட்டிஸ்ட் பதில் சொல்கிறார்)

பியூட்டீஷியன் படிப்பு முடித்து இப்போதுதான் கல்யாண வேலைகளுக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன் அக்கா. காலி காந்த பேலட் ஒன்று வாங்கி, தனித்தனியாகச் சேர்த்த முப்பது ஐ ஷேடோ பான்களை வானவில் வரிசையில் அடுக்கியிருக்கிறேன். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் மண்டபத்தில் வேலை செய்யும்போது தேடித் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. எப்படி அடுக்கினால் வசதி?
– மதுரை வாசகி

பான் என்றால் என்ன என்று கேட்டும் சிலர் எழுதியிருக்கிறீர்கள். பிளாஸ்டிக் டப்பா இல்லாமல், வண்ணத்தூள் அழுத்திய சின்ன உலோகத் தட்டு மட்டும் தனியாக விற்கிறார்களே, அதுதான். ரீஃபில் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். அடியில் காந்தத் தகடு பதித்த காலிப் பெட்டியில், நமக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சரி, மதுரைத் தங்கச்சிக்கு வருகிறேன். எல்லா பான்களையும் வெளியே எடுத்து ஒரு வெள்ளைத் துணியில் பரப்புங்கள். நிறம் பார்த்துப் பிரிக்காதீர்கள். கண்ணில் எதை முதலில் போடுகிறீர்கள், எதைக் கடைசியில் போடுகிறீர்கள் என்று பார்த்துப் பிரியுங்கள். இமை மடிப்பில் முதலில் தேய்க்கும் இடைநிறம். அதை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கும் நிறம். வெளிக்கோணத்துக்கு அடர்நிறம். இமை நடுவில் மினுமினுப்பு. கடைசியாக, புருவத்துக்குக் கீழேயும் கண்ணின் உள்மூலையிலும் வைக்கும் வெளிச்ச நிறம். ஆக ஐந்து குவியல்.

இப்போது ஒரு படுக்கை வரிசைக்கு ஐந்து பான் வையுங்கள், இதே ஒழுங்கில், இடமிருந்து வலமாக. (இடது கையால் வேலை செய்பவர் என்றால் வலமிருந்து இடமாக.) ஒரு வரிசை ஒரு முழு அலங்காரம் ஆகிவிடும். எந்த வரிசையில் பிரஷ்ஷை வைத்தாலும் முதல் பான் இடைநிறம், மூன்றாவது அடர்நிறம் என்று கைக்குத் தெரிந்துவிடும். விடிகாலை நாலு மணிக்கு, மணப்பெண் அறையில் ட்யூப் லைட் ஒரு பக்கம், ஜன்னலில் சீரியல் பல்பு ஒரு பக்கம் என்று இருக்கும்போது இரண்டு பழுப்பு நிறங்களுக்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. எது எந்த இடத்தில் என்பதைத்தான் நம்ப முடியும்.

முதல் வரிசையை முகூர்த்தத்துக்கு ஒதுக்குங்கள்: செங்கல் நிறம், காபிப் பழுப்பு, அடர் சாக்லேட், செம்பு, வெளிறிய தங்கம். இரண்டாவது வரவேற்புக்கு: மங்கிய ரோஸ், உலர்ந்த ரோஜா நிறம், நாவல்பழ நிறம், ரோஸ் கோல்டு, ஷாம்பெயின். மூன்றாவது, பச்சையும் நீலமும் உடுத்துபவர்களுக்கு. மயில்கழுத்து, எம்.எஸ். நீலம் புடவைகளுக்கு முழு இமையிலும் நீலம் பூச வேண்டாம். பழுப்பிலேயே ஆரம்பித்து, வெளிக்கோணத்தில் மட்டும் அடர்நீலம் போதும். அதனால் அந்த வரிசையின் மூன்றாவது இடத்தில் நீலம் இருந்தால் சரி.

இப்படி வைத்தால் மினுமினுப்பு எல்லாமே நாலாவது நெடுக்கு வரிசையில் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்துவிடும். மேட் நிறங்களுக்கு (மினுமினுப்பு இல்லாதவை) நடுவே மினுமினுப்பை வைத்தால் துகள் பறந்து மேட் பானில் ஒட்டும். அப்புறம் இமை மடிப்பில் தேவையில்லாத இடமெல்லாம் ஜொலிக்கும், புகைப்படத்தில் அப்பட்டமாகத் தெரியும். கறுப்பை மட்டும் இந்த வரிசைகளில் சேர்க்காதீர்கள். தூரத்து மூலையில், பக்கத்து இடங்களைக் காலியாக விட்டு வையுங்கள். அதன் தூள் ஒருமுறை வெளிர் நிறத்தில் விழுந்தால் அந்த நிறம் அழுக்காகிவிடும்.

இடைநிறத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வெளிநாட்டு பேலட்டுகள் பலவற்றில் இடைநிறம் என்று கொடுப்பது வெள்ளை கலந்த வெளிர் பழுப்பு. மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் அது சாம்பல் பூசியதுபோல் நிற்கும். அதில் இருக்கும் டைட்டானியம் டையாக்சைடும் டால்க்கும்தான் காரணம். நம் பெண்களுக்குச் செங்கல், கேரமல், சூடான பழுப்புதான் தோலோடு கலக்கும். தனி பான் வாங்கி அடுக்குவதில் எனக்குப் பிடித்ததே இதுதான்: வேறு யாருடைய முகத்துக்கோ தேர்ந்தெடுத்த பன்னிரண்டு நிறங்களை நம் பெண்ணின் கண்ணில் திணிக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. முகூர்த்தப் புடவை அரக்கு என்றால் கண்ணிலும் அரக்கு வேண்டும் என்று அத்தையோ சித்தியோ வந்து நிற்பார்கள். பணிவாக மறுத்துவிடுங்கள். ஹோமப் புகையில் கண் எப்படியும் சிவக்கும், தண்ணீர் வரும். இமையிலும் சிவப்பு இருந்தால் பெண் அழுததுபோல் இருக்கும். புடவையின் உடம்பு நிறத்தை விட்டுவிட்டு ஜரிகையைப் பாருங்கள். தங்க ஜரிகையா, செம்பு சாயலா, வெள்ளியா? நாலாவது பானை அதற்குத் தகுந்தபடி எடுங்கள்.

எல்லாம் அடுக்கியபின் ஒரு வெள்ளைக் கார்ட்ரிஜ் தாளில் அதே கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு நிறத்தையும் விரலால் தேய்த்து, மேலே டேப் ஒட்டி, மூடியின் உள்பக்கம் செருகிக்கொள்ளுங்கள். ஒரு பானை வெளியே எடுத்தால் அதன் இடம் எது என்று தாள் சொல்லிவிடும். முப்பது இடத்திலும் முப்பது பான் வைக்க வேண்டாம். ஒரு முழு வரிசை காலியாக இருக்கட்டும். அன்றைய கல்யாணத்துக்குத் தேவையான ஐந்து நிறங்களை முந்தின இரவே புடவையைப் பார்த்து அந்தக் காலி வரிசைக்கு மாற்றி வைத்துக்கொண்டால் காலையில் பாதி வேலை மிச்சம்.

பேலட்டில் சில பான்கள் நன்றாகப் பிடிக்கின்றன, சில வழுக்கி ஓடுகின்றன. காந்தம் பழுதா? மாற்றித் தரச் சொல்லலாமா?
– கோயம்புத்தூர் வாசகி

காந்தத்தில் குறை இருக்காது. தகர பான்தான் காந்தத்தில் பிடிக்கும், அலுமினிய பான் பிடிக்காது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி வெள்ளையாக மின்னும். பான் வாங்கப் போகும்போது ஃபிரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய் அடியில் தொட்டுப் பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் அலுமினிய பானுக்கு, அடியில் ஒட்டும் வட்டமான இரும்பு ஸ்டிக்கர் ஆன்லைனில் கிடைக்கிறது. ஒன்று ஒட்டினால் போதும்.

இதற்கு நேர்மாறாக, சில கம்பெனி பான்களின் அடியிலேயே குட்டிக் காந்தம் ஒட்டியிருக்கும். அது காந்தத் தரையில் நேராக உட்காராமல் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். பான் தகரமாக இருந்தால் அந்தக் காந்தத்தைப் பெயர்த்து எடுத்துவிடுங்கள். பெயர் எழுதி ஒட்டும் லேபிளும் கனமாக இருக்கக் கூடாது. நடுவில் கொஞ்சம் இடைவெளி விழுந்தாலே பிடிப்பு வேகமாகக் குறையும்.

பேலட்டைத் திறந்து, மெத்தைக்கு மேலே கவிழ்த்துப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். விழுவது எது என்று தெரிந்துவிடும். ஸ்கூட்டியின் டிக்கியில் போகும் குலுக்கல் இதைவிட அதிகம். மூடிக்கும் பானுக்கும் நடுவே மெல்லிய ஃபோம் ஷீட் ஒன்று வெட்டி வைத்தே எடுத்துப் போங்கள்.

கல்லூரியில் படிக்கிறேன். காந்த பேலட் விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே செய்ய முடியுமா?
– நாகர்கோவில் வாசகி

தாராளமாக. பழைய ஜியாமெட்ரி பாக்ஸ் இருக்கிறதா? அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பசை உள்ள காந்த ஷீட் ஆன்லைனிலும் பெரிய ஸ்டேஷனரி கடைகளிலும் கிடைக்கும். அளவெடுத்து கத்தரிக்கோலால் வெட்டி அடியில் ஒட்டுங்கள். அந்த ஷீட்டுக்கு ஒரு பக்கம்தான் பலம், பெரும்பாலும் பசை இல்லாத கரும்பழுப்புப் பக்கம். அது மேலே பார்த்து இருக்க வேண்டும்.

கனடாவில் 1984-ல் தொடங்கிய மேக் கம்பெனியின் ஐ ஷேடோ பான் 26 மில்லிமீட்டர் வட்டம். வேறு பல கம்பெனிகளும் அதே அளவில்தான் செய்கின்றன. பிளஷ் பான் கிட்டத்தட்ட 36, 37 வரும். போலந்தின் இங்லாட் கம்பெனியில் சதுர பான் உண்டு. நிறங்களை நாமே பொறுக்கி நிரப்பும் முறையைப் பரப்பியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு. வெட்டுவதற்கு முன் காகிதத்தில் 26 மில்லிமீட்டர் வட்டங்கள் வரைந்து பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். 20-க்கு 14 சென்டிமீட்டர் பெட்டியில் நேர் வரிசையாக வைத்தால் ஏழு ஐந்து முப்பத்தைந்து. தட்டில் லட்டு அடுக்குவதுபோல் ஒரு வரிசையின் இடுக்கில் அடுத்த வரிசையை இறக்கினால் 42 வரை கொள்ளும். ஆனால் அவ்வளவு நெருக்கினால் பானை எடுக்க நகம் நுழையாது. ஒரு விரல் இடம் விடுங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் உதிரிக் குண்டுக் காந்தங்களை வைத்துச் செய்யாதீர்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து, உயிருக்கே ஆபத்தாகும். ஷீட் மட்டும் போதும்.

பழைய டப்பாக்களிலிருந்து ஐ ஷேடோவைப் பெயர்த்து பேலட்டுக்கு மாற்ற ஆசை. வீடியோவில் மெழுகுவத்தி மேல் காட்டி உருக்குகிறார்கள். அப்படிச் செய்யலாமா?
– திருச்சி வாசகி

மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் கருகும் புகையை ஏன் மூச்சில் இழுக்க வேண்டும்? டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் அடியில் குட்டி ஓட்டை இருக்கும். அதில் ஊக்கை விட்டு மெதுவாகத் தள்ளினாலே பான் கழன்று வரும். ஓட்டை இல்லையென்றால், முடி நேராக்கும் ஸ்ட்ரெய்ட்னர் மேல் பேப்பர் விரித்து, அதில் டப்பாவை நிமிர்த்தி வையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். பசை இளகியதும் மெல்லிய கத்தியை ஓரத்தில் கொடுத்து நெம்புங்கள். நடுவில் நெம்பினால் தூள் பிளந்துவிடும். அடியில் மிச்சம் இருக்கும் பசையை மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துவிடலாம்.

உடைந்தால் கவலைப்பட வேண்டாம். தூளை நன்றாகப் பொடித்து, அதே ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்து, மேலே துணி வைத்து ஒரு ரூபாய் நாணயத்தால் அழுத்தி, ஒரு நாள் காற்றாட விடுங்கள். மேட் நிறங்கள் அநேகமாகப் பழையபடி வந்துவிடும். சில மினுமினுப்பு நிறங்கள் கொஞ்சம் மங்கும். மேடாக உப்பியிருக்கும் பேக்ட் வகையையும் கிரீம் வகையையும் பெயர்க்காதீர்கள். முதலாவது நொறுங்கும். இரண்டாவது தன் டப்பாவுக்கு வெளியே சீக்கிரம் காய்ந்து போகும், மே மாத வெயிலில் பக்கத்துத் தூளிலும் எண்ணெய் கசியும்.

டப்பாவைக் குப்பையில் போடுவதற்கு முன் பேட்ச் எண், நிறத்தின் பெயர், காலாவதி தேதி மூன்றையும் மெல்லிய லேபிளில் எழுதி பானின் அடியில் ஒட்டிவிடுங்கள். தேதி தெரியாத பானைக் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யும் இடத்துக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

ஒரே பேலட்டைப் பல பெண்களுக்குப் பயன்படுத்துகிறோம். சுத்தம் செய்வது எப்படி? மெட்ராஸ் ஐ வந்தவருக்குத் தெரியாமல் போட்டுவிட்டால்?
– புதுச்சேரி வாசகி

நல்ல கேள்வி, எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. பானில் நேராக பிரஷ்ஷைத் தொட்டு, கண்ணில் போட்டு, மறுபடி அதே பானைத் தொடாதீர்கள். தேவையான தூளைச் சின்ன ஸ்பாட்டுலாவால் சுரண்டி எவர்சில்வர் தட்டில் போட்டுக்கொண்டு, அதிலிருந்து எடுங்கள். ஆளுக்கு ஒரு பிரஷ் செட். வேலை முடிந்ததும் மேல் பரப்பில் டேப்பை ஒட்டி எடுத்தால் எண்ணெய்ப் படலம் போகும். பிறகு 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, தூரத்திலிருந்து லேசாகத் தெளித்து உலரவிடுங்கள்.

ஆனால் மெட்ராஸ் ஐக்கு இது போதாது. பெரும்பாலும் அதை உண்டாக்கும் அடினோ வைரஸ் உலர்ந்த பரப்பிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆல்கஹாலுக்கு எளிதில் மசியாது. அந்தக் கண்ணில் பட்ட பான் போகட்டும். இதில்தான் தனி பானின் அருமை தெரியும். முழு பேலட்டையும் எறிய வேண்டியதில்லை, தொட்ட மூன்றை மட்டும் எறிந்துவிட்டு, பெட்டியை நன்றாகத் துடைத்து, அந்த மூன்றை மறுபடி வாங்கினால் போதும். பிரஷ்களையும் எறிந்துவிடுங்கள். பெண்ணின் கண் சிவந்திருந்தால் அன்றைக்குக் கண் மேக்கப்பே வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். கோபப்பட்டாலும் பரவாயில்லை.

முழுச் சுத்தத்துக்கு ஆடியும் மார்கழியும் நல்ல மாதங்கள். கல்யாண வேலை இருக்காது. எல்லா பானையும் எடுத்து, தேதி பார்த்து, அடியைத் துடைத்து, மறுபடி அடுக்குங்கள்.

என் மகள் மாதம் ஒரு பான் வாங்குகிறாள். ஒவ்வொன்றிலும் ஒன்றரை கிராம் கூட இல்லை. இது வீண் செலவுதானே?
– சேலத்திலிருந்து ஒரு அம்மா

அளவைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும் அம்மா. ஆனால் ஒருமுறை கண்ணுக்குப் போடுவது ஒரு சிட்டிகையில் பாதிகூட இருக்காது. வாரத்தில் ஓரிரு நாள் போடும் ஒருவருக்கு அந்த ஒன்றரை கிராம் காலாவதி ஆகும்வரை தீராது. முப்பத்தைந்து நிறம் உள்ள மலிவான பேலட்டை வாங்கி, அதில் நாலே நிறத்தைத் தொட்டுவிட்டு மற்றதைத் தூக்கிப் போடுவதைவிட, மாதம் ஒன்றாக யோசித்து வாங்குவது எவ்வளவோ மேல்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்குவதெல்லாம் ஒரே ரோஸ், ஒரே தங்கம் என்று இருக்கிறதா? பேலட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். செங்கல், காபிப் பழுப்பு, அடர் சாக்லேட், செம்பு, வெளிறிய தங்கம், மங்கிய ரோஸ் ஆகிய ஆறும் இருந்தால், கல்லூரிக்கும் கோவிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் அதுவே போதும். ஆறும் வந்துவிட்டதென்றால், அடுத்த மாதக் காசில் ஒரு நல்ல பிரஷ் வாங்கச் சொல்லுங்கள்.