அந்தச் சங்கிலியை அடகு வைக்காதீர்கள்

போன சனிக்கிழமை என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டுத் துறையூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா இரும்புக்கடை வைத்திருக்கிறார். அம்மா, மகள், கூடவே பெரியப்பா. மகள் திருச்சியில் பி.எஸ்சி. நிலவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பெரியப்பாவின் கையில் ஒரு வழவழப்பான கையேடு இருந்தது: பதினான்கு நாள், ஆறு ஐரோப்பிய நாடுகள், ‘பேராசிரியர் தலைமையிலான பன்னாட்டுக் கல்விப் பயணம்’. கட்டணம் 2,60,000 ரூபாய். செவ்வாய்க்கிழமைக்குள் 50,000 முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று கல்லூரியிலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்களாம்.

“என் பையன் எஞ்சினியரிங் படிக்கும்போது இப்படித்தான் ஜெர்மனி போய்வந்தான். அதற்கப்புறம்தான் அவனுக்கு வேலை அமைந்தது” என்றார் பெரியப்பா. அப்பா என்னைப் பார்த்து, “அனுப்பாமல் விட்டால் நாளைக்கு எங்களைக் குறை சொல்ல மாட்டாளா சார்?” என்றார்.

நானும் வழக்கம்போல ஆறுதலாகத்தான் தொடங்கினேன். வெளியூர் போய்வந்தால் பிள்ளைகளுக்குத் தைரியம் வரும், பயப்படாதீர்கள் என்றேன். அப்போது அம்மா மெதுவாக, “என் இரட்டை வடச் சங்கிலி இருக்கிறது, அதை வைத்துவிடலாம் என்று பேசியிருக்கிறோம்” என்றார். அதோடு என் ஆறுதல் நின்றுபோனது.

கையேட்டை வாங்கிச் சிவப்புப் பேனாவால் கூட்டிப் பார்த்தேன். போக, வர இரண்டு நாள். பஸ்ஸில் ஊர் மாறுவதற்கு ஐந்து அரைநாள். ஈபிள் கோபுரம், ஆல்ப்ஸ் மலையின் யுங்ஃபிராவ் சிகரம், ஒரு சாக்லேட் தொழிற்சாலை, பொருள் வாங்குவதற்கென்று மூன்று மாலைகள். கல்வி என்று சொல்லத்தக்கவை மூன்று: ஒரு பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றிப் பார்ப்பது, ஒரு சொற்பொழிவு, சான்றிதழ் வழங்கும் விழா. மூன்றும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம். விழாவைக் கழித்தால் நான்கு.

உடன் வரும் ஆசிரியர்கள் யார் என்று மகளிடம் கேட்டேன். ஒருவர் வணிகவியல், ஒருவர் உடற்கல்வி. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இத்தனை மாணவர்களைச் சேர்த்தால் ஓர் ஆசிரியருக்கு இலவச இடம் என்பது பயண முகவர்கள் வழக்கமாகத் தரும் சலுகை. ஆனால் ஆல்ப்ஸ் மலை ஒரு நிலவியல் மாணவிக்குக் கோயில் மாதிரி. கடலடியில் படிந்த பாறை மடிந்து, நெளிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இடம் அது. இந்தக் குழு அங்கே ரயிலில் ஏறி, பனியில் படம் எடுத்துக்கொண்டு மாலைக்குள் இறங்கிவிடும். கல்லைப் பற்றிச் சொல்ல ஆள் கிடையாது.

ஆசிரியரே மாணவர்களை அழைத்துச் செல்லும் குறுகிய காலப் பயணம் அமெரிக்கக் கல்லூரிகளில் நன்றாக வேரூன்றிய ஒன்று. அங்கே அந்தப் பாடத்தை நடத்துகிறவரே கூட்டிப் போவார். போகும் முன் படித்தாக வேண்டும், போன இடத்தில் எழுதியாக வேண்டும், திரும்பியதும் மதிப்பெண் உண்டு, அது பட்டத்தோடு சேரும். நிலவியலில் இது இன்னும் பழைய வழக்கம். இந்தியானா பல்கலைக்கழகம் மொன்டானா மலைகளுக்கு நடுவில் 1949 முதல் ஒரு களநிலையம் வைத்துக் கோடையில் வாரக்கணக்கில் மாணவர்களைப் பாறைமேல் நடக்கவைக்கிறது. நம் ஊரில் சில இடங்களில் அந்தப் பெயரை மட்டும் வாங்கிச் சுற்றுலாவின் நெற்றியில் ஒட்டிவிடுகிறார்கள். ஜெர்மனிக்குத்தான் போக வேண்டுமென்றால், அந்நாட்டின் டாட் (DAAD) என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு பேராசிரியர் தலைமையில் வரும் மாணவர் குழுக்களுக்கு உதவித்தொகை தந்து வந்திருக்கிறது. விண்ணப்பிக்க வேண்டியவர் பேராசிரியர்தான். அப்படி யாராவது விண்ணப்பித்தார்களா என்று கல்லூரியில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

பிறகு பணம். 2,60,000 என்பது முடிவான தொகையல்ல. குளிருக்குத் துணி, கைச்செலவு என்று மூன்று லட்சத்தைத் தொட்டுவிடும். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் அது திரும்பி வராது, முகவர் முன்பணத்தில் எவ்வளவு பிடித்துக்கொள்வார் என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. படிப்பை முடிக்க அவசியமான கல்விச் சுற்றுலாவுக்கு வங்கியின் கல்விக் கடனில் இடம் உண்டு. இது விருப்பப்பட்டவர்கள் மட்டும் போகிற பயணம், அதனால்தான் பேச்சு நேராக நகைக்கடனுக்குப் போகிறது. “மூன்று வருடப் படிப்புக்கு மொத்தம் எவ்வளவு கட்டுகிறீர்கள்?” என்று அப்பாவிடம் கேட்டேன். ஒரு லட்சத்துக்குள் என்றார். அவரே அதற்குமேல் பேசவில்லை.

பெரியப்பா பேசினார். அவர் மகனுக்கு வேலை கிடைத்ததற்கும் ஜெர்மனிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டதில், அவன் கணினி நிரல் எழுதும் தேர்வில் தேறி வளாக நேர்காணலில் எடுக்கப்பட்டவன் என்று தெரிந்தது. பயணம் மார்ச்சில், வேலை அதற்கு முந்தைய செப்டம்பரில். பெரியப்பாவுக்கே இது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், கையேட்டை மடித்து மேசைமேல் வைத்துவிட்டார். நல்ல மனிதர்தான். “நிலவியல் படித்தால் சர்வேயர் வேலை கிடைக்குமா?” என்று கேட்டவரும் அவர்தான்.

இவ்வளவு நேரமும் மகள் வாயே திறக்கவில்லை. நீ என்னம்மா நினைக்கிறாய் என்றதும் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். ஊருக்குப் பக்கத்தில் உள்ள கல்குவாரி. வெளிறிய பாறையைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போகிறது ஒரு கறுப்புப் பட்டை. அதன் ஓரத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம். “நாணயம் எதற்கு?” என்றார் அம்மா. “அளவு தெரிவதற்கு அம்மா. அது இல்லாவிட்டால் பட்டை ஓரடியா, பத்தடியா என்று படம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது” என்றாள். யாரும் சொல்லித்தராமல் தானாகக் கல்குவாரிக்குப் போய் இப்படிப் படம் எடுக்கிற பெண்ணுக்கு எந்தப் பக்கம் நாட்டம் என்று வேறு சோதனை வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

அவளுடைய துறையே ஒரு பயணம் வைத்திருக்கிறது. வீட்டில் அதைப் பற்றி யாருமே பேசவில்லை. டிசம்பர் கடைசியில் பத்து நாள், அரியலூர், பெரம்பலூர். கட்டணம் 8,500 ரூபாய். “அரியலூரா? அது பக்கத்து ஊராயிற்றே” என்றார் அப்பா. பக்கத்து ஊர் என்பதுதான் அதன்மேல் உள்ள ஒரே குறை.

காரை, ஊட்டத்தூர் பக்கம் தொடங்கிக் கிழக்கே செந்துறை வரை போகிற நிலம் ஒருகாலத்தில் கடல். 1860-களில் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். உலகத்தில் எங்கே இருந்தாலும் டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலமான கிரெட்டேசியத்தைப் படிக்கிறவர்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கம். அடுக்குகள் கிழக்கு நோக்கி லேசாகச் சாய்ந்திருப்பதால், மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால் பழைய பாறையிலிருந்து புதிய பாறைக்கு வருவீர்கள். ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலில் கால் வைத்து, டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுக்குப் பக்கத்தில் கரையேறலாம். இதற்குப் பயணச் செலவு ஒரு வேன் வாடகை.

காரையில் மழை அறுத்த செம்மண் ஓடைகளுக்குள் இறங்கினால் களிமண்ணில் ஜிப்சம் நரம்புகள் மின்னும், துப்பாக்கித் தோட்டா போன்ற பெலம்னைட்டுகள் (கணவாய் போன்ற பழங்காலக் கடலுயிரியின் கல்லெச்சங்கள்) காலடியில் கிடக்கும். கல்லங்குறிச்சியில் சிமெண்டுக்காக வெட்டிய சுரங்கச் சுவர் முழுக்கச் சிப்பி. ஆசிரியர் ஒரு சிறு குப்பியிலிருந்து நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விடுவார். சுண்ணாம்புக்கல் என்றால் சுர்ரென்று பொங்கும், வேறு கல் என்றால் சும்மா இருக்கும். பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததைக் காதால் கேட்டவள் மறக்கவே மாட்டாள். சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940-இல் அதை ஆராய்ந்து சொன்ன எம்.எஸ்.கிருஷ்ணன், பின்னால் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனார்.

கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளை வைத்து 1980-களின் இறுதியில் புரூஹத்காயோசாரஸ் என்று ஒரு டைனோசருக்குப் பெயர் சூட்டினார்கள். அது எலும்பே அல்ல, கல்மரம் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. சரிபார்க்க வழியில்லாமல் அந்த எலும்புகள் பொடிந்து போய்விட்டன. பல ஆண்டுகள் கழித்து, தோண்டிய காலத்துப் பழைய புகைப்படங்களை வெளியிட்டுத்தான் அது எலும்புதான் என்று வாதாட முடிந்தது. பாறைக்குப் பக்கத்தில் நாணயம் வைக்கிற பெண்ணின் பெற்றோருக்கு இதற்குமேல் நான் என்ன விளக்க வேண்டும்?

பகலில் காம்பஸ் வைத்து அடுக்கின் சாய்வை அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். எடுத்த கல்லுக்கு எண் எழுத வேண்டும், எண் போடாத கல் வெறும் கல். இரவு மண்டபத்தில் உட்கார்ந்து அன்றைய குறிப்பேட்டை முடிக்காமல் தூங்க முடியாது. காலையில் ஆசிரியர் அதைப் பார்த்துத் திட்டுவார். அந்தத் திட்டுக்குத்தான் 8,500 ரூபாய்.

அம்மாவின் கவலை வேறு, நியாயமானதும்கூட. பெண் ஆசிரியர் வருகிறாரா என்று கேளுங்கள். தங்குமிடத்தில் பெண்களுக்குத் தனி அறையும் உள்தாழ்ப்பாளும் உண்டா என்று கேளுங்கள். முக்கியமாக, பகலில் கழிப்பறைக்கு எங்கே நிறுத்துவார்கள் என்று கேளுங்கள். இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பெண் பிள்ளைகள் அதற்குப் பயந்து வெயிலில் தண்ணீரே குடிக்காமல் நடந்து மூன்றாம் நாள் படுத்துவிடுகிறார்கள். சரியான பதில் வராவிட்டால் துறைத் தலைவரிடம் போய் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ஐரோப்பாவுக்கு நாற்பது பேரை அனுப்பத் தெரிந்த கல்லூரிக்கு இது பெரிய வேலை அல்ல.

வேலை கிடைக்குமா என்றால், பத்து நாள் முகாமுக்கு நான் வேலை உத்தரவாதம் தர மாட்டேன். வழியைச் சொல்கிறேன். நிலவியலில் எம்.எஸ்சி. முடித்தவர்களுக்கு யு.பி.எஸ்.சி. ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு இருக்கிறது. நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதன்வழியாக ஆள் எடுக்கிறார்கள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வில் நிலவியலுக்குத் தனித்தாள் உண்டு. காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. ஆழத்தில் துளையிட்டுத் தேடும் பாறைகளில் ஒரு பகுதி இந்த அரியலூர் வெயிலில்தான் வெளியே கிடக்கிறது. நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவரும் மாணவராக இருந்தபோது காரை ஓடைகளில் இறங்கி ஏறியவராக இருக்கலாம். அவரிடம் ஈபிள் கோபுரத்தைப் பற்றி என்ன பேசுவாள்?

அந்த 2,60,000 ரூபாயைக் கடன் வாங்காமலே சிறுகச் சிறுகச் சேர்க்க இரண்டு வருடம் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் விடுதியோடு எம்.எஸ்சி. படிக்கப் பெரும்பாலும் அது போதும். செவ்வாய்க்கிழமை முன்பணம் கட்டக் கூடாது என்று அப்பாவிடம் நேராகவே சொன்னேன். உறவில் யாராவது கேட்டால் நான்தான் தடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு இது பழக்கம்.

கிளம்பும்போது அம்மா, முகாமுக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டார். சுத்தியலும் காம்பஸும் துறையில் தருவார்கள், தொப்பியும் கணுக்காலை மூடுகிற ஷூவும் வேண்டும் என்றாள் மகள். சுத்தியல் கடையிலேயே இருக்கிறதே என்றார் அப்பா. “அது ஆணி அடிக்கிறது அப்பா, பாறையில் அடித்தால் தெறிக்கும்” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள்.