ஹாஃப்டோன், டோன் கேலிபரேஷன் படித்தால் வேலை உண்டா? ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

இயற்பியல் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் உங்கள் மகள், டிஜிட்டல் அச்சில் ஹாஃப்டோன் ஸ்கிரீனிங் (படத்தைச் சிறு புள்ளிகளாக்கி அச்சிடுவது), டோன் கேலிபரேஷன் (வெளிரிலிருந்து அடர்வு வரை சொன்ன அளவே காகிதத்தில் வரும்படி கருவியைத் திருத்துவது) என்று மேற்படிப்பைத் திருப்பப் பார்க்கிறார். செய்தித்தாளே கைபேசிக்குள் போய்விட்ட காலத்தில் அச்சை நம்பி இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கருவி தரும் நிறத்தை அளந்து, கணக்குப் போட்டு, சொன்னபடி வரவைப்பதுதான் அவர் கற்க நினைக்கும் வேலை. அதற்கு ஆள் தேவை இருக்கிறது. ஆனால் இது எல்லாருக்கும் ஒத்துவராது. அவருக்கு ஒத்துவருமா என்பதைப் பணம் கட்டிச் சேர்வதற்கு முன்பே, வீட்டில் வைத்தே பார்த்துவிடலாம். எப்படி என்று சொல்வதற்கு முன், இந்தத் துறையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நீங்களும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

அச்சு இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் போடத் தெரியாது. ஓரிடத்தில் மை விழும், இல்லையென்றால் விழாது. சில இங்க்ஜெட் ஹெட்கள் இரண்டு மூன்று அளவுகளில் துளி போடும், அடிப்படை அதேதான். ஏதாவது ஒரு வண்ணப் பத்திரிகைப் படத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். முகத்தின் மென்மையான நிழல் முழுக்கச் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு நிறப் புள்ளிகளாகப் பிரிந்து நிற்கும். இருட்டான இடத்தில் புள்ளி பெரிசு, வெளிச்சமான இடத்தில் சிறிசு. புள்ளி வரிசைகள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கோணத்தில் சாய்ந்திருக்கும். வழக்கமாகக் கறுப்புக்கு 45 பாகை, சயானுக்கு 15, மெஜந்தாவுக்கு 75, மஞ்சளுக்கு 0. அழுத்தமான மூன்று நிறங்களுக்கு நடுவே 30 பாகை இடைவெளி இருந்தால்தான் மொய்ரே என்கிற அலையலையான கோலம் கண்ணில் படாது. கண்ணுக்கு எளிதில் தெரியாத மஞ்சளை 15 பாகை இடைவெளியில் வைத்துச் சமாளிக்கிறார்கள்.

இதில் எப்போதும் ஒரு பேரம் உண்டு. 2400 டிபிஐ (அங்குலத்துக்கு 2400 சிறு கட்டங்கள்) கருவியில் 150 எல்பிஐ (அங்குலத்துக்கு 150 புள்ளி வரிசைகள்) ஸ்கிரீன் போட்டால், ஒரு புள்ளிக்கு நீளத்தில் 16, அகலத்தில் 16 என 256 சிறு கட்டங்கள் கிடைக்கும். 600 டிபிஐ பிரிண்டரில் அதே 150 எல்பிஐ கேட்டால் நீளத்தில் 4, அகலத்தில் 4, மொத்தம் 16 கட்டங்கள். வெள்ளையையும் சேர்த்து 17 படிகள்தான் வரும். வானம் பட்டை பட்டையாகத் தெரியும். இந்த இக்கட்டைத் தாண்டத்தான் கணினி வழிகள் பிறந்தன. 1973-இல் பேயர் தந்த வரிசைமுறை டிதரிங் (டிதரிங் என்பது புள்ளிகளைத் தூவிச் சாம்பல்போலத் தோன்றவைப்பது), 1976-இல் ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் வெளியிட்ட எரர் டிஃப்யூஷன், 1990-களில் வந்த, புள்ளிகளை ஒழுங்கில்லாமல் ஆனால் சீராகத் தூவும் புளூ நாய்ஸ் மாஸ்க் என்று வரிசையாக வந்தன. எரர் டிஃப்யூஷனில் ஒரு பிக்சலைக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ முடிவு செய்ததும் மிஞ்சும் பிழையைப் பதினாறு பங்காக்கி, 7, 3, 5, 1 என்று பக்கத்துப் பிக்சல்களுக்குப் பகிர்ந்துவிடுவார்கள். நிரலாக எழுதினால் இருபது முப்பது வரிதான். உங்கள் மகள் ஒரு மாலையில் எழுதிவிடுவார்.

இதுவரை உள்ளதைப் புத்தகத்திலேயே கற்றுவிடலாம். வேலை உண்மையில் தொடங்குவது, புள்ளி காகிதத்தில் விழுந்த பிறகுதான்.

கணினி 50 சதவீதம் என்று அனுப்பியது காகிதத்தில் 50-ஆக நிற்பதில்லை. மை பரவுகிறது, டோனர் சிதறுகிறது. அது போக, புள்ளிக்குப் பக்கத்தில் காகிதத்துக்குள் நுழையும் வெளிச்சத்தில் ஒரு பகுதி உள்ளேயே சிதறி, புள்ளிக்கு அடியில் போய் மாட்டிக்கொள்கிறது. அதனால் புள்ளி தன் உண்மையான அளவைவிடப் பெரிதாகத் தெரியும். இதற்கான கணக்கை யூலும் நீல்சனும் 1951-இல் தந்தார்கள். இந்த வீக்கத்தைத்தான் டாட் கெயின் என்கிறோம்.

இப்போது வீட்டுச் சோதனை. லேசர் பிரிண்டர் ஒன்று கிடைத்தால் போதும். அதன் சொந்த ரெசல்யூஷனில், 600 டிபிஐ என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பிட் (சாம்பலே இல்லாத) கறுப்பு-வெள்ளைப் படம் ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். அதில் இரண்டு சதுரங்கள். ஒன்றை ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் எனச் சதுரங்கப் பலகைபோல் நிரப்ப வேண்டும். மற்றதை 8 பிக்சல் கட்டங்களாக நிரப்ப வேண்டும். இரண்டிலும் கறுப்பு சரிபாதி. பெரிதாக்காமல், சுருக்காமல், பிரிண்டரின் "மேம்படுத்தும்" வசதிகளை எல்லாம் அணைத்துவிட்டு அச்சிட்டு, எட்ட வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் முதல் சதுரம் மற்றதைவிட நன்றாகவே இருட்டாக இருக்கும். வீக்கம் நடப்பது புள்ளியின் விளிம்பில். முதல் சதுரத்தில் விளிம்பின் மொத்த நீளம் எட்டு மடங்கு. நுண்புள்ளிகளைத் தூவும் ஸ்கிரீன்களில் டாட் கெயின் அதிகம் என்பதற்கும், நடு டோன்களில் அது உச்சத்தில் இருப்பதற்கும் காரணம் இதே விளிம்புதான். இதைத் தானாகவே கண்டுபிடித்து உங்களிடம் ஓடிவந்து சொன்னால், உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

அப்புறம் 0 முதல் 100 சதவீதக் கறுப்பு வரை ஐந்தைந்தாக 21 பட்டைகள். தான் எழுதிய எரர் டிஃப்யூஷன் வழியாகவே அச்சிட வேண்டும். அளக்க ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்கிற நிறம் அளக்கும் கருவி இல்லையென்றால், தானியங்கித் திருத்தங்களை அணைத்த ஸ்கேனர்கூட ஆரம்பத்துக்குப் போதும். ஸ்கேனர் தரும் எண்கள் காமா ஏற்றப்பட்டவை, அதாவது ஒளி அளவுக்கு நேர் விகிதத்தில் இல்லாதபடி வளைக்கப்பட்டவை. அவற்றை நேரியல் ஒளி அளவாக மாற்றிய பிறகே கணக்குப் போட வேண்டும். இந்த இடத்தில் வழுக்குகிறவர்கள் அதிகம். வெறும் காகிதம் 0.80 ஒளியைத் திருப்புகிறது, முழுக்கறுப்பு 0.04, 50 சதவீதப் பட்டை 0.28 என்று வைத்துக்கொள்வோம். 1936-இல் வந்த மர்ரே-டேவிஸ் சமன்பாட்டின்படி, 0.80-லிருந்து 0.28-ஐக் கழித்து வரும் 0.52-ஐ, 0.80-லிருந்து 0.04-ஐக் கழித்து வரும் 0.76-ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 0.68, அதாவது 68 சதவீதம். அனுப்பியது 50, விழுந்தது 68. இப்படி 21 பட்டைகளுக்கும் ஒரு வளைகோடு வரும். அதைத் திருப்பிப் போட்டால் எதை அனுப்பினால் 50 விழும் என்று தெரியும். அந்தத் திருத்தத்தோடு மறுபடி அச்சிட்டு, மறுபடி அளக்க வேண்டும்.

முதல் சுற்றிலேயே கோடு நேராகிவிடாது. மறுநாள் அதே பிரிண்டர் வேறு எண் தரலாம். காற்றின் ஈரம் மாறினால் டோனரின் மின்னேற்றமும் மாறும். அப்போது அவர் சலித்துப்போகிறாரா, காரணம் தேடி இன்னொரு தாள் அச்சிடுகிறாரா என்று கவனியுங்கள். இந்த வேலையில் இருப்பவர்கள் நாள்தோறும் செய்வது இதைத்தான். மதிப்பெண் பட்டியலைவிட இதற்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன்.

வேலையிடத்தில் இன்னும் இரண்டு சேர்ந்துகொள்ளும். ஒன்று, இலக்கு எப்போதும் நேர்கோடாக இருக்காது. ஆஃப்செட் அச்சுக்கான ஐஎஸ்ஓ 12647-2 தரத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வீக்க வளைகோடுகள் உண்டு. கருவியை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதுதான் கேலிபரேஷன். இரண்டு, வரிசை முக்கியம். முதலில் மை அளவின் எல்லை, அடுத்து டோன் கேலிபரேஷன், கடைசியாகத்தான் ஐசிசி புரொஃபைல், அதாவது கருவி தரும் நிறங்களை விவரிக்கும் கோப்பு. கருவி நிலையாக நிற்காதபோது புரொஃபைல் போடுவது வீண் உழைப்பு.

சரி, வேலை எங்கே? செய்தித்தாள், வணிக அச்சு சுருங்கியது உண்மை. அதை மறைக்க மாட்டேன். பேக்கேஜிங், லேபிள், துணி, தரை ஓடு, விளம்பரத் தட்டிகள் என்று டிஜிட்டல் அச்சு நுழைந்த இடங்களில் எல்லாம் இதே புள்ளிப் பிரச்சினை இருக்கிறது. அச்சகத்தில் கலர் மேலாண்மை, பக்கத்தை அச்சுப் புள்ளிகளாக மாற்றும் ரிப் மென்பொருள் எழுதும் குழு, பிரிண்டர் மற்றும் மை தயாரிப்பாளர்களின் ஆய்வுப் பிரிவு என்று மூன்று வாசல்கள் உண்டு. இயற்பியல் படித்துவிட்டு நிரலும் எழுதத் தெரிந்தவருக்கு, பின்னிரண்டும் பொருத்தம் என்பது என் கருத்து. சில சாம்பல் படிகளே காட்டும் மின்காகிதத் திரைகளும் டிதரிங்கை நம்பித்தான் இருக்கின்றன. ஆகவே அடிப்படையை ஆழமாகக் கற்றால் அச்சுக்கு வெளியிலும் அது கைகொடுக்கும். ஒரே ஒரு நிறுவனத்தின் மென்பொருளை மட்டும் சொல்லித்தரும் குறுகிய காலப் பயிற்சியில் மட்டும் சேர்க்காதீர்கள். அந்த மென்பொருள் மாறினால் கற்றதில் பெரும்பகுதி போய்விடும்.

கண் பரிசோதனையை இப்போதே செய்துவிடுங்கள். நிறக்குறைபாடு பெண்களிடம் அபூர்வம்தான், இருந்தாலும் தெரிந்துகொள்வது நல்லது. நிறப்புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா தட்டுகளோடு நிறுத்தாமல், நிற வில்லைகளை வரிசைப்படுத்தும் ஃபார்ன்ஸ்வர்த்-மன்செல் சோதனையும் கிடைத்தால் செய்யலாம். குறை இருந்தாலும் மென்பொருள் பக்கம் வழி இருக்கிறது. புரூஃபை (மாதிரி அச்சை) பார்த்து ஒப்புதல் தரும் வேலை மட்டும் கடினமாகும்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது துறைக்கு நேரில் போய்க் கேளுங்கள். அளவுக் கருவிகளை மாணவர்கள் தாங்களே கையாள்கிறார்களா, ஆசிரியர் செய்துகாட்டுவதோடு சரியா? ஒளியியல், புள்ளியியல், சிக்னல் பிராசசிங் பாடத்திட்டத்தில் இருக்கின்றனவா? கடைசிப் பருவத் திட்டப்பணியை இயங்கும் அச்சகத்திலோ மென்பொருள் நிறுவனத்திலோ செய்ய விடுகிறார்களா? போகும்போது உங்கள் மகள் அச்சிட்ட அந்த 21 பட்டைகளையும் வளைகோட்டையும் எடுத்துப் போகட்டும். அதைப் பார்த்ததும் கேள்வி கேட்கத் தொடங்கும் ஆசிரியர் எந்தத் துறையில் இருக்கிறாரோ, அங்கே சேருங்கள்.