ரஜூலா கப்பல் மெட்ராஸில் கட்டியதா? அதை எங்கே பார்த்து உறுதி செய்வது?

மெட்ராஸில் கட்டியதில்லை. உங்கள் தாத்தா மலாயாவுக்கு வந்த ரஜூலா, 1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டது. கட்டச் சொன்னது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலும் தோட்டத்துப் பெரியவர்கள் அதை "மெட்ராஸ் கப்பல்" என்றுதான் சொல்வார்கள். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு என்று அது ஓடிய வழியை வைத்து வந்த பேச்சு அது.

கம்பெனியை வைத்தும் ஊரைச் சொல்லிவிட முடியாது. ரஜூலாவின் ஜோடிக் கப்பல் ரோனா. அதே கம்பெனி, அதே 1926. ஆனால் கட்டியது இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் ஹெப்பர்னில் இருந்த ஹாத்தார்ன் லெஸ்லி. (பாவம், 1943-இல் அல்ஜீரியா அருகே ஜெர்மன் குண்டு பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களோடு மூழ்கிப்போனது.)

கப்பலுக்குப் பேர் வைக்கும் முன்பே தளத்துக்காரர்கள் அதற்கு ஒரு கட்டுமான எண் கொடுத்துவிடுவார்கள். தளத்தின் பெயர், ஊர், அந்த எண், ஆண்டு எல்லாம் பொறித்த பித்தளைத் தகடு ஒன்றைக் கப்பலிலேயே பதிப்பதும் வழக்கம். கப்பலை உடைக்கும்போது சேகரிப்பாளர்கள் தேடுவதும் அதைத்தான். பின்புறம் பெயருக்குக் கீழே எழுதியிருக்கும் ஊரை நம்பாதீர்கள், அது பதிவுத் துறைமுகம் மட்டும்.

தகடு கைக்குக் கிடைக்காத நமக்கு லாயிட்ஸ் ரெஜிஸ்டர்தான் கதி. ஆண்டுதோறும் வந்த தடிப் புத்தகம். கப்பலின் பெயருக்கு நேரே கட்டியவர், ஊர், ஆண்டு, டன், பழைய பெயர் எல்லாம் இருக்கும். பழைய தொகுதிகள் பல இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன.

அந்தப் பழைய பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். எழுபதுகளில் இங்கே வந்துபோன சிதம்பரம் கப்பல், 1966-இல் பிரான்ஸின் டன்கர்க்கில் 'பாஸ்தர்' என்று பிறந்தது. 1972-இல்தான் இந்தியா வாங்கியது. கடையில் இதைச் சொன்னபோது ஒரு மாமா, "சிதம்பரம்னு பேர வச்சிக்கிட்டு வெள்ளைக்காரன் கட்டினதா?" என்று டீயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ரஜூலாவுக்கும் இப்படித்தான். 1973-இல் இந்திய ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி 'ரங்கத்' என்று பேர் மாற்றியது, அடுத்த வருடமே உடைத்துவிட்டார்கள். அதனால் இரண்டு பெயரிலும் தேடுங்கள்.