எந்த உரத்துக்கு எந்தக் குருணை இயந்திரம்?

மண்புழு உரத்தைக் குருணையாக்கி விற்க ஆசை. சாய்வுத் தட்டு இயந்திரம் சரிப்படுமா? (மேலூர் வாசகர்)

நன்றாகவே சரிப்படும். ஆனால் நார், கட்டி இல்லாமல் நைசாக அரைத்துச் சலித்திருக்க வேண்டும். 45 முதல் 55 டிகிரி வரை சாய்ந்து சுற்றும் தட்டில் தண்ணீர் தெளிக்கத் தெளிக்க, பொடி உருண்டு உருண்டு பெரிதாகும். பெருத்த உருண்டை மேலே வந்து விளிம்பைத் தாண்டி விழும், பொடி அடியிலேயே சுற்றும். சொளகில் கொழிப்பது மாதிரி அதுவே தரம் பிரித்துக்கொள்ளும்.

கெடுவதெல்லாம் தண்ணீரில்தான். முதல் தடவை நான் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு மூட்டை உரத்தைக் களியாக்கினேன். பனி போலத் தெளிக்க வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள்: உருண்டை உடையாமல் நிற்கணும், விரலிடுக்கில் ஈரம் கசியக் கூடாது. பிடிமானம் போதவில்லை என்றால் தண்ணீரில் கொஞ்சம் மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) கரைக்கலாம். நிழலில் உலர்த்துங்கள். சூடு கூடினால் நுண்ணுயிர் செத்துப்போகும், ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

கிடை ஆட்டுப்புழுக்கைக்கும் அதே தட்டு போதுமா? (உசிலம்பட்டி வாசகர்)

வேண்டாம். அதில் நார் அதிகம், தட்டில் உருளாது. மட்க வைத்து, பெல்லட் இயந்திரத்தில் விடுங்கள். ரோலர் அழுத்த, துளைத் தகடு வழியே மாட்டுத்தீவனம் போலக் குச்சி குச்சியாக வரும். கிடை எருவில் மண்ணும் பொடிக்கல்லும் கண்டிப்பாக இருக்கும். சலிக்காமல் போட்டால் தகடு சீக்கிரம் தேய்ந்துவிடும், இந்த இயந்திரத்தில் செலவு வைப்பதே அந்தத் தகடுதான்.

பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட், யூரியா, சூப்பர் பாஸ்பேட் எல்லாம் கலந்து குருணை போடலாமா? (திருமங்கலம் வாசகர்)

முதல் இரண்டுக்கும் இரட்டை ரோலர் இயந்திரம் பொருந்தும். உலர்ந்த பொடியையே நெருக்கி இறுக்குவதால் உலர்த்தி தேவையில்லை, செலவில் பெரிய மிச்சம். யூரியாவையும் சூப்பர் பாஸ்பேட்டையும் மட்டும் சேர்க்காதீர்கள். சூப்பருக்குள் கட்டுண்டிருக்கும் நீரை யூரியா வெளியேற்றிவிடும், குவியல் சேறாகும். அம்மோனியம் சல்பேட்டோடு சுண்ணாம்போ சாம்பலோ சேர்ந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும், மூக்கே சொல்லும். அப்புறம், கலப்பு உரம் விற்க 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அனுமதி வேண்டும். இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே வேளாண்மைத் துறையில் விசாரித்துவிடுங்கள்.

யூரியா மணி மாதிரி வழுவழுப்பாக எந்த இயந்திரத்தில் வரும்? (வாடிப்பட்டி வாசகர்)

நம் ஷெட்டில் வராது. யூரியாவை 133 டிகிரிக்கு மேல் உருக்கி, உயரமான கோபுரத்து உச்சியிலிருந்து துளித்துளியாக விடுவார்கள். கீழிருந்து ஏறும் காற்றில் அது விழும்போதே உறைந்து மணியாகும்.