பொண்ணை ஐஏஎம் டீம்ல போட்டுட்டாங்கன்னு கவலைப்படுற அப்பாவுக்கு

சார், உங்க மெசேஜ் படிச்சேன். பொண்ணு கோடிங்ல நல்லா வரும்னு நம்பி படிக்க வெச்சீங்க, ட்ரெய்னிங் முடிஞ்ச கையோட ஐடென்டிட்டி அண்ட் ஆக்சஸ் மேனேஜ்மென்ட் (ஐஏஎம்) டீம்ல தூக்கிப் போட்டுட்டாங்க, என்னம்மா வேலைன்னு கேட்டா "யாருக்கு லாகின் குடுக்கணும், யாருக்கு புடுங்கணும்னு பாக்கணும்பா"ன்னு சொல்லுது, இதுக்கா நாலு வருஷம் படிச்சதுன்னு உங்களுக்கு மனசு கேக்கல, ஒரு தனியார் கோர்ஸ்ல சேத்துவிடலாமான்னும் கேட்டிருக்கீங்க. நேராவே சொல்லிடுறேன், இது நல்ல வேலை. ஆனா இந்த வேலைக்குள்ளயே டிக்கெட்டை, அதாவது ஒவ்வொருத்தரா அனுப்புற கோரிக்கையை, முடிச்சு க்ளோஸ் பண்ற இடம்னு ஒன்னு, சிஸ்டத்தை ப்ளான் பண்ணி கட்டி ஓட்டுற இடம்னு ஒன்னு இருக்கு. உங்க பொண்ணு எதுல உக்காந்திருக்குங்கறதும், மொதல் இடத்துல இருந்தா எப்ப எந்திரிச்சு ரெண்டாவதுக்குப் போகப்போகுதுங்கறதும்தான் விஷயம்.

ஒரு பெரிய கம்பெனின்னு வைங்க, இருபதாயிரம் பேர், சில நூறு சாஃப்ட்வேர். ஒருத்தர் புதுசா சேர்றார்னா மொதல்ல எச்ஆர் சிஸ்டத்துல பேர் ஏறும், அதைப் பாத்து எல்லாரோட லாகினையும் வெச்சிருக்கற டைரக்டரில அக்கவுன்ட் உருவாகணும், மெயில் வரணும், அவர் டிபார்ட்மென்ட்டுக்கு வேண்டிய சாஃப்ட்வேர் மட்டும் திறக்கணும், மொத நாள் காலைல சீட்ல உக்காரும்போது எல்லாம் ரெடியா இருக்கணும். இது சுலபமான பகுதி. சேர்றவர், மாறுறவர், போறவர்னு மூணு கட்டமா பிரிப்பாங்க, இதுல நடுவுல இருக்கற மாறுறவர்தான் தலைவலி. ஒருத்தர் பர்ச்சேஸ்ல இருந்து அக்கவுன்ட்ஸுக்கு மாறுறார், புது ஆக்சஸ் வேணும்னு அவரே கேட்டு வாங்கிக்குவார், பழசை எடுங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. கொஞ்ச வருஷம் கழிச்சுப் பாத்தா, புது சப்ளையரை சிஸ்டத்துல ஏத்துற பவரும் அதே சப்ளையருக்கு பேமென்ட் அப்ரூவ் பண்ற பவரும் ஒரே ஆள் கைல இருக்கும், போலி கம்பெனி ஒன்னை ஏத்திட்டு அதுக்கு அவரே பணம் அனுப்பிக்கலாம். ஆடிட்டர் வந்தா மொதல்ல இதைத்தான் தேடுவாங்க. அமெரிக்காவுல 2002ல வந்த சார்பேன்ஸ் ஆக்ஸ்லி சட்டத்துக்கு அப்புறம் அந்த நாட்டுப் பங்குச்சந்தைல இருக்கற கம்பெனிங்க எல்லாம் கணக்கு சம்பந்தப்பட்ட சிஸ்டத்துல யாருக்கு என்ன பவர்னு காட்டியாகணும்ங்கற நிலைமை வந்துச்சு, இந்தத் துறை இவ்ளோ பெருசானதுக்கு அது ஒரு முக்கியமான காரணம்.

போறவர் விஷயம் சின்னதாத் தெரியும், ஆனா 2021 மே மாசம் கலோனியல் பைப்லைன்னு அமெரிக்காவோட கிழக்குப் பக்கத்துக்கு எரிபொருள் அனுப்புற கம்பெனி பல நாள் பைப்லைனை நிறுத்த வேண்டியதாச்சு, ஹேக்கருங்க உள்ள வந்தது வெளிய இருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள்ள நுழையறதுக்கான, பயன்பாட்டுலயே இல்லாத ஒரு பழைய விபிஎன் அக்கவுன்ட் வழியா, அதுல பாஸ்வேர்ட் தவிர ரெண்டாவது பூட்டு எதுவும் இல்ல. அந்த அக்கவுன்ட்டை மூடுறது ஒரு டிக்கெட் வேலை சார். மூட வேண்டிய அக்கவுன்ட் இப்படி ஒன்னு இருக்குன்னு தானா கண்டுபிடிக்கற மாதிரி சிஸ்டம் கட்டுறதுதான் ஐஏஎம் வேலை. பொண்ணு சொன்னதும் நீங்க நினைச்சதும் வேற வேறன்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

சரி, ப்ளானிங்குக்கு வர்றேன், ஏன்னா காசும் மரியாதையும் அங்கதான் இருக்கு. நிறைய கம்பெனில நல்ல டூல் ஒன்னு வாங்கிட்டா முடிஞ்சதுன்னு நினைச்சுடுறாங்க, அப்புறம் வருஷக்கணக்கா இழுக்குது. டூல்ல பிரச்சனை இருக்காது, டேட்டால இருக்கும். எச்ஆர் சிஸ்டத்துல ஒரே டிபார்ட்மென்ட் மூணு விதமா ஸ்பெல்லிங் போட்டு இருக்கும், மேனேஜர்னு போட்டிருக்கறவர் போன வருஷமே ரிசைன் பண்ணிருப்பார், கான்ட்ராக்ட் ஆளுங்க எச்ஆர் சிஸ்டத்துலயே இருக்க மாட்டாங்க, அவங்க எப்ப போனாங்கன்னு யாருக்கும் தகவலே வராது. இதை சரி பண்ணாம ஆட்டோமேஷன் போட்டா தப்பு முன்னவிட வேகமா நடக்கும், அவ்ளோதான். அதனால விவரம் தெரிஞ்சவங்க மொதல்ல ஆள் விவரத்துக்கு எந்த சிஸ்டம் சொல்றது இறுதின்னு முடிவு பண்ணுவாங்க, அதை சுத்தம் பண்ணுவாங்க, கையோட சிங்கிள் சைன் ஆனும் (ஒரே லாகின்ல எல்லா சாஃப்ட்வேரும் திறக்கறது) எம்எஃப்ஏவும் (பாஸ்வேர்டுக்கு மேல ரெண்டாவது பூட்டு) போடுவாங்க ஏன்னா அது சீக்கிரம் பலன் தரும், ஆக்சஸை தானா குடுக்கறது எடுக்கறது அதுக்கப்புறம்தான், எந்த வேலைக்கு என்னென்ன ஆக்சஸ்னு தொகுப்பா வரையற ரோல் டிசைன் இன்னும் பின்னாடி. சில இடத்துல மொதல்லயே ரோல் வரைய உக்காந்து, ஊழியர்களைவிட ரோல் எண்ணிக்கை அதிகமாகி நிக்கும், சிரிக்காதீங்க, நெஜமாவே நடக்குறதுதான்.

இதுக்கு பொண்ணு எச்ஆர்கிட்ட பேசணும், ஃபைனான்ஸ்கிட்ட பேசணும், ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் பொறுப்பு யாருன்னு துரத்தித் துரத்திக் கேக்கணும், பெரிய பதவில இருக்கறவர் எனக்கு எல்லா ஆக்சஸும் வேணும்னா முடியாது சார்னு பணிவா சொல்லணும். நாள் பூரா கோடு மட்டும் எழுதினாப் போதும்னு நினைக்கற பிள்ளைக்கு இது ஒத்துவராது, அதை மறைக்க மாட்டேன்.

ஓட்டுறதும் சும்மா இல்ல. எல்லா சாஃப்ட்வேருக்கும் ஒரே லாகின்னு வெச்சுட்டா அந்த ஒன்னு படுத்தா கம்பெனியே படுத்துடும். உள்ள வர்றது யாருன்னு லாகின் சிஸ்டம் மத்த சாஃப்ட்வேருக்குச் சொல்ற சாம்ல் முறைல, அந்தத் தகவலை உறுதிப்படுத்தற கையெழுத்து சர்டிஃபிகேட் எக்ஸ்பைரி ஆனதை யாரும் கவனிக்கல, திங்கக்கிழமை காலைல ஒருத்தராலயும் உள்ள போக முடியலங்கறது இந்தத் துறைல வழக்கமான கதை. மைக்ரோசாஃப்ட்டோட ஆக்டிவ் டைரக்டரில ஆள் யாருன்னு சரிபாக்கற கெர்பரோஸ்னு ஒரு முறை இருக்கு, வழக்கமான செட்டிங்ல மெஷின் கடிகாரம் அஞ்சு நிமிஷத்துக்கு மேல தள்ளிப் போனாலே லாகின் விழாது, புதுசா வந்த பிள்ளைங்க பாஸ்வேர்ட் தப்பு போலன்னு அரை நாள் தேடுவாங்க. அப்புறம் எம்எஃப்ஏ போட்டாச்சுன்னு நிம்மதியாவும் இருக்க முடியாது. 2022ல ஊபர்ல ஒரு கான்ட்ராக்டருக்கு அப்ரூவ் கேட்டு திரும்பத் திரும்ப நோட்டிஃபிகேஷன் அனுப்பி, அவர் கடைசில ஒன்னை அழுத்திட்டார், உள்ள போய்ட்டாங்க. இந்த மாதிரி தாக்குதலைத் தடுக்கத்தான் இப்ப ஸ்க்ரீன்ல காட்டுற நம்பரை போன்ல டைப் பண்ணுன்னு கேக்குது. ராத்திரி கால், சனி ஞாயிறு சிஸ்டத்துல மாத்தம் பண்ற வேலை எல்லாம் வரும், வீட்ல அதுக்கு தயாரா இருங்க.

நீங்க கேட்ட இன்னொன்னு, ஏஐ வந்து இதைத் தின்னுடுமான்னு. டிக்கெட் வேலையைத் தின்னும், சந்தேகமே வேணாம், சொல்லப்போனா அது ஏஐக்கு முன்னாடியே தேய ஆரம்பிச்சாச்சு. பாஸ்வேர்டை அவங்கவங்களே ரீசெட் பண்ணிக்கற பக்கம் எல்லா இடத்துலயும் வந்தாச்சு, பாஸ்வேர்டை குறிப்பிட்ட நாளுக்கு ஒரு தடவை கட்டாயமா மாத்தச் சொல்லாதீங்கன்னு அமெரிக்க அரசோட தரநிர்ணய அமைப்பான நிஸ்ட்டே 2017ல சொல்லிருச்சு, பாஸ்வேர்டே இல்லாம உள்ள போற வெப்ஆத்ன் 2019ல வெப்புக்கு விதி வகுக்கற டபிள்யூ3சி அமைப்போட ஸ்டாண்டர்டாவே ஆயிருச்சு. ஆனா இன்னொரு பக்கம் வேலை கூடுது, ஏன்னா லாகின் மனுஷங்களுக்கு மட்டும் இல்ல. சாஃப்ட்வேரே பயன்படுத்தற சர்வீஸ் அக்கவுன்ட், ஒரு சாஃப்ட்வேர் இன்னொன்னுக்குள்ள போக வெச்சிருக்கற சாவியான ஏபிஐ கீ, இப்ப கம்பெனி சார்பா தானே வேலை பாக்குற ஏஐ ஏஜென்ட், இதுக்கெல்லாம் என்ன பவர் குடுக்கணும், யார் பொறுப்பு, எப்ப புடுங்கணும்னு முடிவு பண்ணணும். மனுஷன் ரிசைன் பண்ணா எச்ஆர் சொல்லும், ஒரு ஸ்க்ரிப்ட் தேவையில்லாம போனா யார் வந்து சொல்லுவா?

படிப்பைப் பத்தி. டூல் பேரைப் பாத்து ஓடாதீங்க, மைக்ரோசாஃப்ட்டோட லாகின் டூலை அஷூர் ஏடின்னு எல்லாரும் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தாங்க, 2023ல என்ட்ரா ஐடின்னு பேரையே மாத்திட்டாங்க. அடில ஓடுற புரோட்டோகால், அதாவது சிஸ்டங்க ஒன்னோட ஒன்னு பேசிக்கற விதி, அப்படி மாறல, சாம்ல் 2.0 வந்தது 2005, ஆக்சஸ் அனுமதி குடுக்கற ஓஆத் 2.0 வந்தது 2012, அதுக்கு மேல லாகினுக்காக ஓபன்ஐடி கனெக்ட் வந்தது 2014, ஆளைப் பத்தின விவரத்தை ஒரு சிஸ்டத்துல இருந்து இன்னொன்னுக்கு அனுப்புற ஸ்கிம் 2.0 வந்தது 2015, இன்னைக்கும் எல்லா டூலும் இதைத்தான் பேசுது. கீக்ளோக்னு லாகினைப் பாத்துக்கற ஓபன் சோர்ஸ் டூல் இருக்கு, காசு கிடையாது, வீட்ல லேப்டாப்ல போட்டு சின்ன வெப் ஆப் ஒன்னை அதோட இணைக்கச் சொல்லுங்க, லாகின் ஆனதும் வர்ற டோக்கனை, அதாவது டிஜிட்டல் அனுமதிச் சீட்டை, பிரிச்சு உள்ள என்ன இருக்குன்னு பாக்கட்டும், அப்புறம் வேணும்னே தப்பா செட் பண்ணி எங்க உடையுதுன்னு பாக்கட்டும். அது முடிஞ்சா மிட்பாயின்ட், ஆக்சஸ் குடுக்கறது எடுக்கறதைப் பாத்துக்கற இன்னொரு ஓபன் சோர்ஸ் டூல். கோடிங் விட்டுப்போகுமோன்னு பயந்தீங்களே, சாஃப்ட்வேருங்களை இணைக்கற கனெக்டர் எழுதறது முழுக்க கோடிங்தான், ஜாவா, பைத்தான், பவர்ஷெல் எல்லாம் வேணும்.

சர்டிஃபிகேட்ல, கம்பெனில மைக்ரோசாஃப்ட் இருந்தா எஸ்சி-300ங்கற அவங்களோட ஐஏஎம் பரீட்சையை எழுதட்டும். சிஸ்ப் (CISSP)னு அனுபவசாலிங்களுக்கான செக்யூரிட்டி சர்டிஃபிகேட் இப்ப வேணாம், முழு சர்டிஃபிகேட்டுக்கு அஞ்சு வருஷ அனுபவம் கேக்கும், டிகிரிக்கு ஒரு வருஷம் குறைப்பாங்க, எப்படிப் பாத்தாலும் அவசரம் இல்ல.

ஒரு வருஷம் டிக்கெட் பாக்கட்டும், அதுல கத்துக்க விஷயம் இருக்கு, எந்த ரிக்வெஸ்ட் திரும்பத் திரும்ப வருதுன்னு குறிச்சு வெச்சுட்டு அதுல ஒன்னை ஆட்டோமேட் பண்ணிக் காட்டட்டும். அதைக் கைல வெச்சுக்கிட்டு புது அப்ளிகேஷன் இணைக்கற வேலைல என்னைச் சேருங்கன்னு மேனேஜர்கிட்ட நேரா கேக்கணும். ஒன்றரை வருஷம் தாண்டியும் குடுக்கலன்னா வெளிய பாக்க ஆரம்பிக்கலாம், அதுவரைக்கும் டீம் மாத்தச் சொல்லி நீங்க நச்சரிக்காதீங்க. அந்த தனியார் கோர்ஸுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி சிலபஸை மட்டும் எனக்கு அனுப்புங்க, சாம்லும் ஸ்கிமும் லேப் போட்டு செய்ய வெக்கறாங்களான்னு பாத்துச் சொல்றேன், ஒரு டூலோட ஸ்க்ரீன்ஷாட்டா இருந்துச்சுன்னா வேணாம்.