வளர்ச்சி, பருவம், ஹார்மோன்: இந்த மாதத் தபால்

எங்கள் 8 வயது மகனுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு. ஒன்றரை வருடமாகத் தினமும் இரவில் ஊசி. வாரம் ஒன்று போட்டால் போதும் என்கிற புது ஊசிக்கு மாறலாமா? (திருமங்கலம்)

அந்த ஊசிகள் வந்து சில வருடங்கள் ஆகின்றன. லோனாபெக்சோமட்ரோபின் 2021-இலும், சோமபசிடான், சோமட்ரோகான் இரண்டும் 2023-இலும் குழந்தைகளுக்கு அமெரிக்க அனுமதி பெற்றன. தினசரி ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டு தரப்புப் பிள்ளைகளும் முதல் வருடத்தில் ஏறக்குறைய 10, 11 செ.மீ. வளர்ந்தார்கள். ஆகவே கூடுதல் உயரம் கிடைக்கும் என்று நினைத்து மாற வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று ஊசி விட்டுப்போகிற வீடாக இருந்தால் மாறுவதில் அர்த்தம் உண்டு.

மாறினால் இரண்டு விஷயம் கவனியுங்கள். கிலோவுக்கு வாரம் முறையே 0.24, 0.16, 0.66 மி.கி. என்று மூன்றின் அளவும் வேறு. ஒன்றின் கணக்கில் இன்னொன்றைப் போடக்கூடாது. அடுத்தது ரத்தம் எடுக்கும் நாள். ஊசி போட்ட இரண்டாம் நாள் வாக்கில் ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோனால் ரத்தத்தில் ஏறும் புரதம்) உச்சத்துக்குப் போய், வாரக் கடைசியில் இறங்கிவிடும். நான்காம் நாள்தான் சராசரிக்குப் பக்கத்தில் இருக்கும். ஞாயிறு ஊசி என்றால் வியாழன் ரத்தம். செவ்வாய் எடுத்தால் அளவு அதிகம் என்று டோஸைக் குறைப்பார்கள், சனி எடுத்தால் ஏற்றுவார்கள். ஊசி போட்ட நாளை லேப் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எந்த ஊசியானாலும் பிள்ளை நொண்டினாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ அடுத்த ஊசியை நிறுத்தி அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மகன் குள்ளமாக இருக்கிறான். புதிதாக வந்திருக்கும் மருந்தின் பெயர் சொல்லவும். (ஊர் இல்லை)

வயது இல்லை, உயரம் இல்லை, அப்பா அம்மா உயரம் இல்லை. பெயர் மட்டும் வேண்டுமாம்!

மகளுக்கு 7 வயது. ஜூன் மாதம் பள்ளியில் 118 செ.மீ. என்றார்கள். செப்டம்பரில் கிளினிக்கில் 116 என்கிறார்கள். மூன்று மாதத்தில் 2 செ.மீ. குறையுமா? பயமாக இருக்கிறது. (வாடிப்பட்டி)

பிள்ளை சுருங்கவில்லை. இரண்டில் ஒரு அளவு தப்பு, அநேகமாக இரண்டுமே. பத்துக் கடிதத்துக்கு எட்டு இந்த ரகம். மரபணுச் சோதனை பற்றி நான்கு பக்கம் எழுதுகிறவர்கள், பிள்ளையைச் செருப்பைக் கழற்றி நிறுத்தினார்களா என்று எழுதுவதில்லை.

துணி டேப் இழுபடும், வேண்டாம். ஸ்டீல் டேப்பைச் சுவரில் செங்குத்தாக ஒட்டுங்கள். அடியில் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் துருத்தாத சுவராகவும், கீழே பாய், மிதியடி இல்லாத தரையாகவும் இருக்கட்டும். செருப்பு, சாக்ஸ் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, பூவை எடுத்துவிட்டு நிறுத்துங்கள் (மல்லிகைச் சரத்தோடு அளந்த உயரங்கள் மதுரைப் பக்கம் நிறைய). குதிகால், புட்டம், தோள்பட்டை சுவரில் படட்டும். பின்தலை பட்டே ஆக வேண்டும் என்று தள்ளாதீர்கள், முகவாய் தூக்கிக்கொள்ளும். கண்ணின் கீழ்விளிம்பும் காதுத் துவாரமும் ஒரே மட்டத்தில் இருப்பதுதான் முக்கியம். தலைமேல் ஸ்கேலைச் சாய்த்து வைத்துக் கோடு கிழிக்காதீர்கள். கெட்டி அட்டைப் புத்தகத்தின் ஒரு விளிம்பைச் சுவரோடு ஒட்டி, மட்டமாக இறக்குங்கள். மூன்று தடவை அளந்து சராசரி எடுத்து, தேதி போடுங்கள். "போன தீபாவளிக்கு" என்பது தேதி ஆகாது.

காலையில் அளந்தால் எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் முதுகெலும்பு அமுங்கி 1 செ.மீ. வரை குறையும். இரண்டு அளவுக்கு நடுவே குறைந்தது 6 மாதம் விடுங்கள். 3 மாதத்தில் அரை செ.மீ. தவறாக அளந்தால், வருடக் கணக்கில் அது 2 செ.மீ. ஆகிவிடும். நான்கு வயதுக்குப் பிறகு பருவம் வரும் வரை வருடத்துக்கு 5, 6 செ.மீ. சாதாரணம், 4-க்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். அந்த 2 செ.மீ. தவறு, நோய் இருப்பதை மறைக்கும் அல்லது இல்லாத நோயை உண்டாக்கும்.

உங்கள் மகளை இன்றே அளந்து, மார்ச்சில் மறுபடி அளந்து, இரண்டு தேதியோடு குழந்தை மருத்துவரிடம் போங்கள். வளர்ச்சி உண்மையிலேயே குறைந்திருந்தால் முதலில் ரத்த அளவு, தைராய்டு, சிறுநீரகம், சீலியாக் (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) பார்ப்பார்கள். பெண் குழந்தையானால் டர்னர் (ஒரு எக்ஸ் குரோமோசோம் முழுதாகவோ பகுதியாகவோ இல்லாத நிலை) இருக்கிறதா என்று குரோமோசோம் சோதனை கட்டாயம் கேளுங்கள். உடல் அடையாளம் எதுவும் தெரியாமலும் டர்னர் இருக்கும்.

பிராய்லர் கோழியில் ஹார்மோன் ஊசி போடுவதால்தான் பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயசுக்கு வருகிறார்களா? என் பேத்திக்கு 7 வயதிலேயே மார்பில் கட்டி போல் தெரிகிறது. (உசிலம்பட்டி)

கோழி 40 நாளில் 2 கிலோ ஆவது இனத் தேர்வாலும் தீவனத்தாலும். வளர்ச்சி ஹார்மோன் புரதம், வயிற்றுக்குப் போனால் மற்றப் புரதம் போலச் செரித்துவிடும். வாய்வழி வேலை செய்யுமானால் பிள்ளைகளுக்கு எதற்கு ஊசி?

கோழியை விடுங்கள், பேத்தியைப் பாருங்கள். 8 வயதுக்கு முன் மார்பு வளர்ந்தால் காட்டியே ஆக வேண்டும். குண்டான பிள்ளைக்கு வெறும் கொழுப்பும் அப்படித் தெரியும். விரலால் தொட்டுப் பார்த்துத்தான் பிரிக்க முடியும், போட்டோ அனுப்பிப் பயனில்லை. எலும்பு வயது (கை எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பின் முதிர்ச்சி), எல்ஹெச் (பருவத்தைத் தூண்டும் ஹார்மோன்), வயிற்று ஸ்கேன் மூன்றும் முதல் படி. 6 வயதுக்குள் ஆரம்பித்தால் மூளை எம்ஆர்ஐ வரும்.

குடும்பத்தில் ஓடுகிற சீக்கிரப் பருவத்துக்கு எம்கேஆர்என்3 என்ற மரபணு ஒரு காரணம் என்று 2013-இல் கண்டுபிடித்தார்கள். இதில் அப்பாவிடமிருந்து வரும் பிரதி மட்டுமே வேலை செய்கிறது, அதில் கோளாறு இருந்தால்தான் பாதிப்பு. "அவள் ஆத்தா வீட்டு வழி" என்று மருமகளைச் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க.

பருவத்தைத் தள்ளிவைக்கும் ஊசி மாதம் ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று. 6 மாத ஊசியும் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. முதல் ஊசிக்குப் பின் சில நாளில் லேசாக ரத்தம் படலாம், பயப்பட வேண்டாம். பூப்பெய்திய பிறகு பெரும்பாலும் 5 முதல் 7 செ.மீ.தான் பாக்கி இருக்கும். "பார்க்கலாம், பெரியவளாகட்டும்" என்று தாய்மாமன் சீருக்கு நாள் பார்க்கும் வரை காத்திருந்தால் ஊசிக்கு வேலை மிச்சமிருக்காது.

மகனுக்கு அகான்ட்ரோப்ளாசியா (கை கால் எலும்பு குட்டையாகவே நின்றுவிடும் மரபணு நோய்), 5 வயது. மருந்து வந்துவிட்டதா? (பேரையூர்)

வொசோரிடைட், 2021-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி. தினசரி ஊசி. ஆய்வில் மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களைவிட வருடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. கூடுதல் வளர்ச்சி. வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளுகிற முனை) மூடிய பிறகு பலன் இல்லை. ரத்த அழுத்தம் இறங்கும் என்பதால் ஊசிக்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோ பாலோ குடிக்க வேண்டும். இதே நோய்க்குச் சோதித்த இன்னொன்று இன்ஃபிக்ராடினிப், வாய்வழி மருந்து. அதன் இரண்டாம் கட்ட ஆய்வில் வருட வளர்ச்சி 2.5 செ.மீ. கூடியது. ஆனால் அது அதே பிள்ளைகளின் முந்தைய வேகத்தோடு ஒப்பிட்டது, போலி மருந்தோடு அல்ல. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று பார்க்காதீர்கள். வளர்ச்சி ஹார்மோன் ஊசிக்கு இந்த நோயில் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ அனுமதி இல்லை. யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

கரண்ட் போனால் ஊசி மருந்தை மண்பானையில் வைக்கலாமா? (மேலூர்)

கூடாது. ஈர மணல் பானை வெளிச் சூட்டைச் சில டிகிரி இறக்கும், அவ்வளவுதான். பிரிக்காத ஊசிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். சில பிராண்டை 30 டிகிரி வரை வெளியே வைக்கலாம் என்று போட்டிருக்கும். சித்திரையில் மதுரைப் பக்கத்து வீடுகளுக்குள்ளேயே அதற்கு மேல் போகும். கரண்ட் போனதும் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் விட்டால் மூன்று நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் ஐஸ் பெட்டி, ஆனால் ஊசியைத் துணியில் சுற்றி, ஐஸ் படாமல் வையுங்கள். ஃப்ரீசருக்கு அடியிலும் கதவுத் தட்டிலும் வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்தால் பார்க்க அப்படியே இருந்தாலும் மருந்து செத்துவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

மகளுக்கு சி.ஏ.எச். (அட்ரினல் சுரப்பி கார்டிசோலைப் போதிய அளவு சுரக்காத பிறவிக் கோளாறு). புது மாத்திரை வந்தால் ஸ்டீராய்டை நிறுத்திவிடலாமா? (சோழவந்தான்)

நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. க்ரினெசர்ஃபான்ட் 2024 டிசம்பரில் 4 வயதுக்கு மேல் அமெரிக்க அனுமதி பெற்றது. குழந்தைகள் ஆய்வில் ஸ்டீராய்டு அளவை ஏறக்குறைய 18 சதவீதம் குறைக்க முடிந்தது. குறைக்கத்தான், நிறுத்த இல்லை. 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றால் ஹைட்ரோகார்டிசோன் (அந்த ஸ்டீராய்டு) மூன்று மடங்கு. அந்த மாத்திரை வாந்தியில் வந்துவிட்டால் அதே மருந்து தசையில் ஊசியாக: பள்ளி வயது ஆகாத பிள்ளைக்கு 25, பள்ளி வயதில் 50, பெரிய பிள்ளைக்கு 100 மி.கி. போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஊசி வீட்டில் ஒன்று, பள்ளிப் பையில் ஒன்று.

12 வயது மகனுக்கு எலும்பு வயது 10 என்று கம்ப்யூட்டர் ரிப்போர்ட் சொல்கிறது. நோயா? (திருப்பரங்குன்றம்)

அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. வளர இன்னும் காலம் இருக்கிறது என்றும் அர்த்தம். கம்ப்யூட்டர் ஆளுக்கு ஆள் மாறாமல் படிக்கும், அது நல்லதே. ஆனால் பெரும்பாலும் ஒப்பிடும் அட்லஸ் (எக்ஸ்ரே படத் தொகுப்பு) 1930-களில் அமெரிக்காவின் ஓகையோவில் வளர்ந்த பிள்ளைகளுடையது. ஒரு வருட வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். இடது கையை எடுத்தார்களா என்று பாருங்கள். நீங்கள் மகனின் உயரம் எழுதவில்லை, அளந்த தேதியும் இல்லை. மேலே வாடிப்பட்டிப் பதிலைப் படியுங்கள்.

கம்பியில் தொங்கினால் உயரம் கூடுமா? (செல்லூர்)

தோள்தான் வலிக்கும்.