கோபர்நிக்கஸுக்கு முன்பே பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னவர் யாராவது உண்டா?

உண்டு. சாமோஸ் தீவுக்காரரான கிரேக்க வானியலாளர் அரிஸ்டார்க்கஸ், கி.மு. 3ஆம் நூற்றாண்டு. கோபர்நிக்கஸுக்குச் சுமார் 1,800 ஆண்டுகள் முந்தையவர். அந்தக் கருத்தை அவர் எழுதிய நூல் இன்று கிடையாது. முக்கியமாக, ஆர்க்கிமிடீஸ் தன் நூலொன்றில் போகிறபோக்கில் குறிப்பிட்டதால் நமக்குத் தெரிய வந்தது.

கைக்குக் கிடைத்திருக்கும் அவருடைய ஒரே நூல், சூரியன், சந்திரனின் அளவையும் தூரத்தையும் பற்றியது. சந்திரன் சரிபாதி ஒளிரும் நேரத்தில் சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஒரு செங்கோண முக்கோணமாக அமையும், செங்கோணம் சந்திரனிடம். அப்போது பூமியிலிருந்து பார்க்கையில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள கோணம் தெரிந்தால் போதும், எது எத்தனை மடங்கு தூரம் என்று சொல்லிவிடலாம். அவர் 87 பாகை என்று வைத்துக்கொண்டார். விடை: சூரியன் சந்திரனைவிட 18 முதல் 20 மடங்கு தொலைவில். உண்மையில் அந்தக் கோணம் 90-க்கு வெகு அருகில், சுமார் 89.85 பாகை; தூரமோ கிட்டத்தட்ட 400 மடங்கு. வெறும் கண்ணால் பாதி நிலவு எந்த நொடியில் வருகிறது என்று யாரால் பிடிக்க முடியும்? கணக்கு பிசகியது, வழி பிசகவில்லை.

அந்தப் பிசகிய கணக்கிலேயே சூரியனின் குறுக்களவு பூமியைப் போல 6, 7 மடங்கு வந்துவிட்டது. அத்தனை பெரியது சின்னதைச் சுற்றுமா என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். இது என் ஊகம்தான்.

சரி, பூமி சுற்றுகிறது என்ற அவர் கருத்து ஏன் எடுபடவில்லை? பூமி நகர்ந்தால் விண்மீன்கள் இடம் மாறித் தெரிய வேண்டுமே, அப்படித் தெரியவில்லை. அவை எண்ணிப்பார்க்க முடியாத தொலைவில் இருக்கின்றன என்பதே அவர் நிலைப்பாடு. அந்த நுண்ணிய மாற்றத்தை ஜெர்மன் வானியலாளர் பெசல் அளந்து காட்டியது 1838-இல்.